வியன்னா மாநகராட்சிக் குடியிருப்புகள்

வியன்னா மாநகராட்சிக் குடியிருப்புகள் என்பவை ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், அந்நகர மாநகராட்சி தன் சொந்த நிதியைக் கொண்டு கட்டி, தானே உரிமையாளராக இருந்து, நகர மக்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகும். ஜெர்மன் மொழியில் இவை கெமைண்டெபாவ் எனப்படுகின்றன. 1923 முதல் 1934 வரையிலான காலத்தில் மட்டும் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு கட்டப்பட்டன. அன்றைய நகர மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பகுதியினர், அதாவது 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அவற்றில் குடியேறினர். சமூக மக்களாட்சிக் கட்சி நகரை ஆண்ட அக்காலப்பகுதி 'சிவப்பு வியன்னா' என அழைக்கப்படுகிறது.

மாநகராட்சிகள் வீடு கட்டுவது அக்காலத்தில் இலண்டன், பெர்லின், ஆம்ஸ்டர்டாம் முதலிய நகரங்களிலும் நடந்ததே. வியன்னாவை அவற்றிலிருந்து வேறுபடுத்துவது, கட்டுவதற்கான பணம் திரட்டப்பட்ட முறையாகும். அம்மாநகராட்சி வீடு கட்டக் கடன் வாங்கவில்லை. கட்டிய செலவை வாடகையாகத் திரும்பப் பெறவும் இல்லை. நகரிலுள்ள எல்லா வாடகை இடங்களின் மீதும் ஏறுமுகமாக விதிக்கப்பட்ட ஒரு வரியும் ஆடம்பரச் செலவுகள் மீதான வரிகளும் அந்தந்த ஆண்டின் கட்டுமானச் செலவை அந்தந்த ஆண்டிலேயே ஈடுசெய்தன.

பெயர்

'கெமைண்டெ' என்ற ஜெர்மன் சொல் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகளைப் பொதுவாகக் குறிக்கும். 'பாவ்' என்பது கட்டடம். பெரும்பாலான குடியிருப்புகளின் பெயர்கள் 'ஹோஃப்' என முடியும். அச்சொல்லுக்கு முற்றம் என்று பொருள். தெருவிலிருந்து வளைவு வாயில் வழியாகப் பெரிய முற்றத்தை அடைந்து, அங்கிருந்தே படிக்கட்டுகளுக்குச் செல்லும் அமைப்பு இவற்றின் அடையாளம் ஆகும்.

பின்னணி

முதலாம் உலகப் போருக்கு முன்னர் வியன்னா 20 இலட்சம் மக்களைக் கொண்ட பேரரசுத் தலைநகராக விளங்கியது. போகீமியா, மொராவியா, கலீசியா போன்ற பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் பெருமளவில் வந்து குவிந்தனர். அவர்களுக்கான வீடுகளைத் தனியார் முதலீட்டாளர்களே கட்டினர். மனையின் பரப்பில் 85 விழுக்காடு வரை கட்டடம் எழுப்பச் சட்டம் இடமளித்ததால், வெளிச்சமும் காற்றும் புகாத, நெருக்கமான வாடகைக் கட்டடங்கள் உருவாயின.

1917ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர வீடுகளுள் 92 விழுக்காட்டில் தனிக் கழிப்பறை இல்லை. 95 விழுக்காட்டில் வீட்டினுள் குடிநீர்க் குழாய் இல்லை. பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாயும் கழிப்பறையும் நடைவழியில் இருந்தன. பெரும்பாலான வீடுகள் ஓர் அறையும் ஒரு சமையலறையும் மட்டுமே கொண்டவை. அந்த வாடகையையும் தனியாகக் கொடுக்க இயலாத குடும்பங்கள் தம் வீட்டிலுள்ள ஒரு படுக்கையை மட்டும் வெளியாருக்கு உள்வாடகைக்கு விட்டன. இவ்வாறு தங்கியோர் 'பெட்கேயர்' எனப்பட்டனர். காசநோய் வியன்னா நோய் என்றே பிற நாடுகளில் அறியப்பட்டிருந்தது.

1918இல் பேரரசு சிதைந்தது. 1919 மே மாதம், ஆண்கள் பெண்கள் அனைவரும் சமமாக வாக்களித்த முதல் மாநகர அவைத் தேர்தல் நடைபெற்றது. சமூக மக்களாட்சிக் கட்சி 165 இடங்களில் 100 இடங்களைப் பெற்றது. யாக்கோப் ராய்மன் மேயரானார். 1923இல் கார்ல் சைட்ஸ் அவரைத் தொடர்ந்து பதவியேற்று 1934 வரை மேயராக இருந்தார்.

வாடகைக் கட்டுப்பாடும் பணவீக்கமும்

இத்திட்டத்தின் நிதி அமைப்பைப் புரிந்துகொள்ள முதலில் வாடகைக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய வேண்டும். போர்முனையில் இருந்த வீரர்களின் குடும்பங்கள் வாடகை உயர்வினால் வெளியேற்றப்படுவதைத் தடுக்க, 1917 சனவரியில் பேரரசு அரசாங்கமே வாடகையை உயர்த்தத் தடை விதித்தது. அதாவது, வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது சோசலிசவாதிகள் அல்லர். போருக்குப் பின் அத்தடை நீடிக்கப்பட்டு, 1922 திசம்பரில் வாடகைச் சட்டமாக நிலைபெற்றது.

இதற்கிடையில் கடும் பணவீக்கம் ஏற்பட்டது. 1922இன் பிற்பகுதியில் நாணயத்தின் மதிப்பு நிலைநிறுத்தப்பட்டபோது, போருக்கு முந்தைய ஒரு பொன் குரோனின் மதிப்பை ஈடுசெய்ய ஏறத்தாழ 14,400 தாள் குரோன்கள் தேவைப்பட்டன. வாடகையோ பழைய எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டது. போருக்கு முன் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் பெரும்பங்கை விழுங்கிய ஆண்டு வாடகையைக் கொண்டு இப்போது ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது. வாடகை என்ற செலவு நடைமுறையில் மறைந்துவிட்டது எனலாம்.

இதன் விளைவுகள் பல. குடியிருப்போருக்கு இது பெரும் நிம்மதி. வீட்டு உரிமையாளர்களுக்கோ அது சொத்தையே இழந்ததற்கு ஒப்பானது. அவர்களுள் ஒரே ஒரு வீட்டை நம்பி முதுமையைக் கழிக்க எண்ணியிருந்தோரும் இருந்தனர். வருவாய் தராத கட்டடத்தில் எவரும் முதலிடமாட்டார்கள் ஆதலால் தனியார் கட்டுமானம் முற்றிலும் நின்றது. கட்டுவோர் இல்லாததால் காலி மனைகளின் விலை வீழ்ந்தது. அந்த விலையில் மாநகராட்சி தொடர்ந்து நிலம் வாங்கி, நகரின் மிகப் பெரிய நில உரிமையாளராயிற்று. ஏற்கெனவே டிராம் வண்டி, குடிநீர், கழிவுநீர் வசதிகள் இருந்த பகுதிகளிலேயே பல மனைகள் கிடைத்தன. எனவே புதிய தெருக்களுக்கும் குழாய்களுக்கும் ஆகும் செலவும் மிச்சமானது.

வரி விதிக்கும் உரிமை

ஒரு மாநகராட்சி தான் விரும்பிய வரியை விதிக்க முடியாது. மாநில அரசோ நடுவண் அரசோ அனுமதித்த வரிகளையே அது விதிக்கலாம். வியன்னா அதுவரை கீழ் ஆஸ்திரியா மாநிலத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1922 சனவரி 1 முதல் அது தனி மாநிலமாகப் பிரிக்கப்பட்டது. மாநகர அவையே மாநிலச் சட்டமன்றமும் ஆயிற்று. மேயரே மாநில ஆளுநரும் ஆனார்.

இப்பிரிவினையை இரு தரப்பினரும் விரும்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. கீழ் ஆஸ்திரியாவின் உழவர்களும் பழைமைவாதிகளும் சிவப்பு வியன்னாவின் பெரும்பான்மையிலிருந்து விடுபட எண்ணினர். அவ்வாறு விடுபட்டதன் மூலம் அந்நகருக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை அவர்களே அளித்தவராயினர். பிரிவினைக்கான சட்டப் பணிகளிலும் பின்னர் வீட்டுக் கட்டுமான வரியை வகுப்பதிலும் முதன்மைப் பங்காற்றியவர் சட்ட அறிஞரான ராபர்ட் டான்னெபர்க் ஆவார்.

பிரைட்னர் வரிகள்

மாநகராட்சியின் நிதிப் பொறுப்பை 1919 முதல் 1932 வரை வகித்தவர் ஊகோ பிரைட்னர். இவர் அரசியலுக்கு வருமுன் வியன்னாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றான லெண்டர்பாங்க்கின் இயக்குநர்களுள் ஒருவராக இருந்தவர். முதலாளித்துவத்துக்கு எதிரான கட்சியின் நிதியை ஒரு வங்கியாளர் நடத்தியது எதிர்க்கட்சியினருக்கு எரிச்சலூட்டியது. பேரரசுக் காலத்து மாநகராட்சியின் வருவாயில் பெரும்பகுதி வாடகை மீது எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் விதிக்கப்பட்ட வரியிலிருந்தும் மாநகராட்சியின் எரிவாயு, மின்சார, டிராம் நிறுவனங்களின் இலாபத்திலிருந்தும் வந்தது. ஏழைகளே மிகுதியாகச் சுமந்த இம்முறையை பிரைட்னர் மாற்றினார். பொதுப் பயன்பாட்டு நிறுவனங்கள் அடக்க விலைக்கே சேவை வழங்கின. பதிலாக, செலவழிக்க வசதி படைத்தோரின் செலவுகள் மீது வரிகள் விதிக்கப்பட்டன.

வீட்டுப் பணியாளர்கள் மீதான வரி இவற்றுள் மிகுதியாகப் பேசப்பட்டதாகும். ஒரு குடும்பத்தின் முதல் பணியாளுக்கு வரியில்லை. இரண்டாமவருக்கு வரி உண்டு. மூன்றாமவர் முதல் வரி செங்குத்தாக உயரும். தானுந்து, பந்தயக் குதிரை, உயர்தர உணவகங்கள், இரவு விடுதிகள், கேளிக்கை நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கும் தனித்தனி வரிகள் இருந்தன. நிறுவனங்கள் கொடுக்கும் மொத்த ஊதியத்தின் மீதும் நலவரி ஒன்று விதிக்கப்பட்டது. தொகை அளவில் ஆடம்பர வரிகளைவிட இதுவே பெரியது.

வீட்டுக் கட்டுமான வரி

வீடுகளுக்கெனவே ஒதுக்கப்பட்ட வரி 1923 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இது 'வோன்பாவ்ஸ்டாயர்', அதாவது வீட்டுக் கட்டுமான வரி எனப்பட்டது. சொத்துவரியைப் போன்று இது உரிமையாளரின் கையிலிருந்து செல்வதன்று. வீடு, கடை, அலுவலகம் என வாடகைக்குரிய எவ்விடத்தைப் பயன்படுத்துவோரும் இதைச் செலுத்த வேண்டும். அவ்விடத்துக்கு 1914இல் இருந்த வாடகையே வரிக்கு அடிப்படை. நாணயம் நிலைகுலைந்திருந்த காலத்தில், எல்லோருக்கும் தெரிந்த, எவரும் மாற்ற முடியாத ஓர் அளவுகோலாக அது பயன்பட்டது.

வரி விகிதம் படிப்படியாக ஏறியது. எளிய தொழிலாளர் வீட்டுக்கு அது பழைய வாடகையில் ஏறத்தாழ 2 விழுக்காடு; மாளிகைகளுக்கும் மிகப் பெரிய வணிக இடங்களுக்கும் 36 விழுக்காட்டுக்கும் மேல். இதனால் வருவாயின் அமைப்பு வியப்பூட்டும் வகையில் இருந்தது. வரிக்குட்பட்ட இடங்களுள் மிக விலையுயர்ந்த ஏறத்தாழ 0.5 விழுக்காடு, மொத்த வருவாயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தந்தது. மலிவான இடங்களின் தொகுதி எண்ணிக்கையில் 82 விழுக்காடாக இருந்தும், தந்தது ஏறத்தாழ 22 விழுக்காடே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணவீக்கத்தால் வாடகை மறைந்த இடத்தில்தான் இவ்வரி நுழைந்தது. மாளிகையில் குடியிருந்த செல்வரும் போருக்கு முன் தாம் கொடுத்த வாடகையைவிடக் குறைந்த தொகையையே இப்போது வரியாகக் கொடுத்தார். முன்னர் வீட்டு உரிமையாளருக்கும் அவருக்குக் கடன் கொடுத்த வங்கிக்கும் சென்ற பணத்தின் ஒரு பகுதி மாநகராட்சியின் வழியாகப் புதிய வீடுகளாக மாறியது. வாடகைக் கட்டுப்பாடு இல்லாத ஒரு நகரில் இதே வரியை இதே அளவில் விதித்திருக்க முடியுமா என்பது ஐயமே. பிற நாட்டினர் பலர் வரியை மட்டும் கண்டு வியந்தனர். அதற்கு இடம்விட்ட நிலையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

இவ்வரி மட்டும் கட்டுமானச் செலவு முழுவதையும் ஈடுசெய்யவில்லை. எஞ்சியது மற்ற வரிகளிலிருந்தும், நடுவண் அரசு திரட்டிய வரிகளில் வியன்னாவுக்குரிய பங்கிலிருந்தும் வந்தது. பின்னாளில் திட்டம் தளர்ந்தது இந்தக் கடைசிக் கண்ணியில்தான். ஆயினும் ஒவ்வொரு கட்டடத்தின் சுவரிலும், அது வீட்டுக் கட்டுமான வரியின் நிதியிலிருந்து வியன்னா மாநகராட்சியால் இன்ன ஆண்டுகளில் கட்டப்பட்டது என்று பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டது. வரி கொடுத்தவர் அது எங்கே சென்றது என்பதைத் தெருவில் நடக்கும்போதே படிக்கலாம்.

கடன் இன்றிக் கட்டுதல்

கட்டுமானச் செலவை ஆண்டு வருவாயிலிருந்தே செலவழித்து, திரும்பப் பெறாமல் விட்டுவிடும் முறையின் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. ஒரு வீட்டைக் கட்ட 10,000 சில்லிங் ஆகிறது எனவும், அதனைப் பழுதுபார்த்துப் பராமரிக்க ஆண்டுக்கு 100 சில்லிங் தேவை எனவும் கொள்வோம். அந்த 10,000 சில்லிங்கை 8 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கினால் ஆண்டு வட்டியே 800 சில்லிங். அசலைத் திருப்பிச் செலுத்துவதைச் சேர்க்காமலேயே ஆண்டு வாடகை 900 சில்லிங் ஆகிவிடும். கட்டுமானச் செலவை வரியே ஏற்றுக்கொண்டால் வாடகை 100 சில்லிங்தான். வாடகையின் பெரும்பகுதி செங்கல்லுக்கோ பழுதுபார்ப்புக்கோ உரியதன்று, முதலீட்டின் வட்டிக்கு உரியது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வியன்னாவில் நடந்ததும் இதுவே. மாநகராட்சிக் குடியிருப்புகளின் வாடகை பராமரிப்பையும் நிருவாகத்தையும் மட்டுமே ஈடுசெய்தது. ஒரு தொழிலாளியின் வருமானத்தில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு.

அண்டை நாடுகளில் வேறு வழிகள் பின்பற்றப்பட்டன. ஜெர்மனியில் 1924 முதல் பழைய வீடுகள் மீது வரி விதிக்கப்பட்டு, அப்பணம் குறைந்த வட்டியில் வீட்டுச் சங்கங்களுக்கு அடமானக் கடனாக அளிக்கப்பட்டது. எஞ்சிய செலவுக்குச் சந்தைக் கடன் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் கடன் வாங்கிக் கட்டின. நடுவண் அரசு மானியம் அளித்தது. இவ்விரு முறைகளிலும் வாடகை ஓரளவு வசதியுள்ள தொழிலாளர்களுக்கே எட்டக்கூடியதாக இருந்தது. மறுபுறம், கடன் வாங்கியிருந்தால் அதே ஆண்டு வருவாயைக் கொண்டு வியன்னா பன்மடங்கு வீடுகளைத் தொடக்கத்திலேயே கட்டியிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. நூறாண்டு நிற்கும் கட்டடத்துக்கான செலவு முழுவதையும் ஒரு தலைமுறையே சுமப்பது நியாயமா என அன்றைய எதிர்க்கட்சியினரும் கேட்டனர். ஆனால் பணவீக்கத்துக்குப் பிந்தைய ஆஸ்திரியாவில் வட்டி மிக உயர்ந்திருந்தது.

குறைந்த வாடகைக்குப் பொருளியல் காரணமும் கூறப்பட்டது. வாடகை குறைந்தால் ஊதியம் குறைவாக இருந்தாலும் தொழிலாளி வாழலாம். அதனால் ஆஸ்திரியப் பொருட்கள் வெளிநாட்டுச் சந்தையில் போட்டியிடலாம். வீடுகளுக்கு வரி கொடுத்து முணுமுணுத்த தொழிலதிபர்களும் இதனால் பயனடைந்தனர்.

கட்டுமானம்

1923 செப்டம்பரில் மாநகர அவை ஐந்தாண்டுகளில் 25,000 வீடுகளைக் கட்டும் திட்டத்தை நிறைவேற்றியது. குறித்த காலத்துக்கு முன்னரே அந்த இலக்கு எட்டப்பட்டது. 1927இல் மேலும் 30,000 வீடுகளுக்கான திட்டம் அறிவிக்கப்பட்டது.

கட்டுமான முறையில் புதுமை ஏதும் இல்லை. பிராங்க்ஃபுர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மை முன்வார்ப்புப் பலகைகளைக் கொண்டு சோதனை செய்துகொண்டிருந்த அதே காலத்தில், வியன்னாவில் கொத்தனார்கள் செங்கல் மீது செங்கல் அடுக்கினர். இது பின்தங்கிய நிலையால் மட்டும் நேர்ந்ததன்று. வேலையின்மை மிகுந்திருந்த நகரில் மிகுதியான ஆட்களுக்கு வேலை தரும் முறையே வேண்டுமென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. சிக்கனம் வேறிடத்தில் செய்யப்பட்டது. கதவு, சன்னல், கழிப்பறைக் கலன், கைப்பிடி போன்றவை சில வகைகளாக வரையறுக்கப்பட்டு, எல்லாக் கட்டடங்களுக்கும் மொத்தமாக வாங்கப்பட்டன. செங்கல், சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றில் மாநகராட்சி தன் சொந்த உற்பத்தியிலும் ஈடுபட்டது. 1921இல் நிறுவப்பட்ட கெசிபா என்னும் பொதுநல நிறுவனம் கட்டுமானப் பொருள் கொள்முதலுக்கு உதவியது.

தொடக்கத் திட்டத்தின்படி நான்கில் மூன்று பங்கு வீடுகள் 38 சதுர மீட்டர் பரப்பளவும் எஞ்சியவை 48 சதுர மீட்டர் பரப்பளவும் கொண்டவை. இவை மிகச் சிறியவை என்ற கண்டனம் 1926இல் வியன்னாவில் நடைபெற்ற பன்னாட்டு வீட்டுவசதி, நகரமைப்பு மாநாட்டில் எழுந்தது. அதன் பின்னர் 57 சதுர மீட்டர் வரையிலான வகைகள் சேர்க்கப்பட்டன. சிறியதாயினும் ஒவ்வொரு வீட்டிலும் தனிக் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் இருந்தன. நீண்ட நடைவழிகள் கைவிடப்பட்டு, ஒரு படிக்கட்டுத் தளத்திலிருந்து நேராக மூன்று அல்லது நான்கு வீடுகளுக்கு வாயில்கள் அமைந்தன. மனையில் பாதிக்கு மேல் கட்டக்கூடாது என்பது விதி. வீட்டினுள் குளியலறை மட்டும் இல்லை. அது பொதுக் குளியற்கூடத்தில் இருந்தது.

வீட்டின் சுருக்கத்தை முற்றம் ஈடுசெய்தது. மரங்கள், விளையாட்டிடம், மழலையர் பள்ளி, நூலகம், தாய்சேய் ஆலோசனை நிலையம், கூட்டுறவுக் கடை ஆகியவை பெரிய குடியிருப்புகளில் இடம்பெற்றன. இயந்திரங்கள் பொருத்தப்பட்ட பொதுச் சலவைக்கூடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறைநாள் ஒதுக்கப்பட்டது. சலவைக்கூடத்தினுள் அதன் மேற்பார்வையாளர் தவிர ஆண்களுக்கு அனுமதி இல்லை. துணி துவைப்பது பெண்களின் வேலை என்பதைப் புதிய நகரும் மாற்றவில்லை.

ஏறத்தாழ 190 கட்டடக்கலைஞர்கள் இப்பணியில் ஈடுபட்டனர். அவர்களுள் பலர் ஓட்டோ வாக்னரின் மாணவர்கள். வாக்னரின் மாணவரான கார்ல் ஏன் வடிவமைத்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. 1927 முதல் 1930 வரை கட்டப்பட்ட இது 1,382 வீடுகளைக் கொண்டது. ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம் உள்ளது. வீடுகளின் எண்ணிக்கையில் இதனைவிடப் பெரியது 1,587 வீடுகளைக் கொண்ட சான்ட்லைட்டன் ஹோஃப் ஆகும்.

எல்லோரும் இவ்வகைப் பெருங்கட்டடங்களை விரும்பவில்லை. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் நகர எல்லையில் நிலத்தைக் கைப்பற்றித் தோட்டமும் குடிலும் அமைத்த மக்கள், தம் உழைப்பையே முதலாகக் கொண்டு சிறு வரிசை வீடுகளைக் கட்டினர். 1921 முதல் 1924 வரை மாநகராட்சியின் குடியேற்ற அலுவலகத்தில் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த அடோல்ஃப் லோஸ் இவ்வகையை ஆதரித்தார். யோசஃப் ஃபிராங்க், மாநகராட்சி மக்களுக்கு அரண்மனை கட்ட முயல்கிறது எனக் குறைகூறினார். தோட்ட வீடுகளுக்கு மிகுதியான நிலமும் தெருவும் குழாயும் தேவை என்பதால் மாநகராட்சி பெருங்கட்டடங்களையே முதன்மையாகக் கொண்டது.

ஒதுக்கீடு

வீடுகள் புள்ளி முறையில் ஒதுக்கப்பட்டன. வீடின்மை, நெருக்கடி, குழந்தைகளின் எண்ணிக்கை, நோய், போரில் அடைந்த ஊனம், வியன்னாவில் வாழ்ந்த காலம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் அளிக்கப்பட்டன. காலியான, அல்லது தேவைக்கு மிகுதியான தனியார் வீடுகளைக் கையகப்படுத்தி ஒதுக்கும் அதிகாரமும் 1925 வரை மாநகராட்சிக்கு இருந்தது. கட்சிக்காரர்களுக்கே வீடு கிடைக்கிறது என்ற குற்றச்சாட்டு தொடர்ந்து எழுந்தது. புள்ளிப் பட்டியல் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருந்தாலும், குடியேறியவர்களுள் மிகப் பெரும்பாலோர் அக்கட்சியின் வாக்காளர்கள் என்பதும் உண்மையே.

பொருளியல் அறிஞர் பிரீடரிக் ஹாயெக் முன்வைத்த விமர்சனம் இதைவிட ஆழமானது. 1920களின் இறுதியில் வியன்னாவில் வாழ்ந்த அவர், வாடகைக் கட்டுப்பாடு மக்களை அவரவர் இருந்த வீட்டிலேயே கட்டிப்போடுகிறது என வாதிட்டார். பிள்ளைகள் பிரிந்து சென்ற பின்னும் பெரிய வீட்டை எவரும் விட மாட்டார்கள். வேலை வேறு மாவட்டத்தில் கிடைத்தாலும் இடம்பெயர மாட்டார்கள். புதிதாக மணமுடித்தோருக்கு வீடு கிடைக்காது. தனியார் கட்டுமானம் நின்றபின் வீட்டுப் பற்றாக்குறை முழுவதும் மாநகராட்சியின் பட்டியலில் வந்து சேர்ந்தது. 60,000 வீடுகள் அப்பட்டியலைக் குறைத்தன, தீர்த்துவிடவில்லை.

நிதி நெருக்கடியும் 1934 உள்நாட்டுப் போரும்

உலகப் பொருளாதார மந்தத்தால் வரி வருவாய் சுருங்கியது. அதே வேளையில், பழைமைவாதிகள் ஆண்ட நடுவண் அரசு 1931இல் வரிப் பங்கீட்டுச் சட்டத்தைத் திருத்தி வியன்னாவின் பங்கைக் குறைத்தது. கடன் இன்றிக் கட்டியதால் மாநகராட்சிக்கு வட்டிச் சுமை இல்லை. ஆனால் கட்டுமானம் முழுவதும் ஆண்டு வருவாயைச் சார்ந்திருந்ததால், வருவாய் குறைந்த ஆண்டிலேயே கட்டுமானமும் குறைந்தது. பிரைட்னர் 1932இல் பதவி விலகினார். டான்னெபர்க் அப்பொறுப்பை ஏற்றார்.

1933 மார்ச்சில் எங்கெல்பெர்ட் டொல்ஃபுஸ் அரசு நாடாளுமன்றத்தை முடக்கியது. 1934 பெப்ரவரி 12 அன்று லின்ஸ் நகரில் தொடங்கிய மோதல் வியன்னாவுக்குப் பரவியது. தொழிலாளர் படையினர் மாநகராட்சிக் குடியிருப்புகளில் நிலைகொண்டனர். குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது படையினர் பீரங்கியால் சுட்டனர். சில நாட்களில் எதிர்ப்பு அடக்கப்பட்டது. மேயர் சைட்ஸ் கைது செய்யப்பட்டார், கட்சி தடைசெய்யப்பட்டது, மாநகர அவை கலைக்கப்பட்டது. இக்கட்டடங்கள் கோட்டைகளாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்டவை என அரசுத் தரப்பினர் கூறினர். பீரங்கிக் குண்டு துளைத்த சுவர்கள் மற்ற வீடுகளின் சுவர்களைப் போன்ற சாதாரணச் செங்கற்சுவர்களே.

1938இல் ஆஸ்திரியா நாசி ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டதும், மாநகராட்சிக் குடியிருப்புகளில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஏறத்தாழ 2,000 வாடகை ஒப்பந்தங்கள் இவ்வாறு முறிக்கப்பட்டன. யூதரான டான்னெபர்க் பிடிபட்டு, பல முகாம்களுக்குப் பின் 1942இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். பிரைட்னர் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று 1946இல் கலிபோர்னியாவில் காலமானார். பென்சிங் மாவட்டத்தில் போருக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

1945க்குப் பின்

இரண்டாம் உலகப் போரில் வியன்னாவின் ஏறத்தாழ 87,000 வீடுகள் அழிந்தன அல்லது வாழத் தகுதியற்றவையாயின. மாநகராட்சி மீண்டும் கட்டத் தொடங்கியது. ஆனால் பழைய நிதி முறை திரும்பவில்லை. 1950களிலிருந்து நாடு முழுவதற்குமான வீட்டுவசதிப் பங்களிப்பு ஒன்று ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்டது. தொழிலாளியும் முதலாளியும் அதைப் பகிர்ந்துகொண்டனர். மாளிகைவாசிகளைக் குறிவைத்த ஏறுமுக வரியின் இடத்தில் எல்லா ஊதியத்துக்கும் ஒரே விகிதமான பிடித்தம் வந்தது. அரசியல் எதிர்ப்பு குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 1960களில் முன்வார்ப்புக் கற்காரைப் பலகைகளால் நகரின் ஓரங்களில் பெருங்குடியிருப்புகள் எழுப்பப்பட்டன.

1980களில் வீட்டுவசதி நிதியைக் கையாளும் பொறுப்பு மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1984இல் வியன்னா நிலக் கொள்முதலுக்கென ஒரு நிதியத்தை அமைத்தது. அந்நிதியம் நிலத்தை முன்கூட்டியே வாங்கி வைத்து, இலாப வரம்புடைய வீட்டுச் சங்கங்களிடையே போட்டி நடத்தி, சிறந்த திட்டத்துக்கு அளிக்கும். இப்போட்டிகள் 1995 முதல் நடைபெறுகின்றன. மாநகராட்சி நீண்டகாலக் குறைவட்டிக் கடன் தரும்; கடனைச் சங்கம் வாடகையிலிருந்து திருப்பிச் செலுத்தும்; திரும்பி வரும் தொகை அடுத்த வீடுகளுக்குச் செல்லலாம். 1920களில் தவிர்க்கப்பட்ட கடன், மலிவான வடிவில் இவ்வாறு உள்ளே வந்தது. மாநகராட்சி தானே கட்டுவது குறைந்துகொண்டே வந்து 2004இல் நின்றது.

நிதி அனைத்தையும் வீட்டுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயத்தை நடுவண் அரசு 2008இல் நீக்கியது. பல மாநிலங்கள் அப்பணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பின. வியன்னா பெருமளவில் வீடுகளுக்கே செலவிட்டு வந்தது. 2018இல் வீட்டுவசதிப் பங்களிப்பு மாநில வரியாக்கப்பட்டது.

இன்றைய நிலை

வியன்னா மாநகராட்சிக்கு ஏறத்தாழ 2,20,000 வீடுகள் சொந்தமாக உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். இலாப வரம்புடைய சங்கங்களின் மானிய வீடுகளையும் சேர்த்தால், நகர மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்விரு வகை வீடுகளில் உள்ளனர். ஐரோப்பிய நகரங்கள் பலவும் 1980களுக்குப் பின் தம் பொது வீடுகளைக் குடியிருப்போருக்கோ முதலீட்டாளர்களுக்கோ விற்றபோது வியன்னா அவ்வாறு செய்யவில்லை. வருமான வரம்பு உயர்வாக வைக்கப்பட்டுள்ளதால் ஆசிரியர்களும் அலுவலர்களும்கூட இவ்வீடுகளைப் பெறத் தகுதியுடையோர். இதனால் இக்குடியிருப்புகள் வறியோருக்கான ஒதுக்குப்புறங்களாக மாறவில்லை. அதே வேளையில், உண்மையில் வறுமையிலிருப்போருக்கு முன்னுரிமை போதவில்லை என்ற குறையும் உண்டு.

இன்றைய முதன்மைச் சிக்கல் நில விலையாகும். 1920களில் வாடகைக் கட்டுப்பாடு நில விலையை வீழ்த்தியிருந்தது. இன்று நகர மக்கள்தொகை மீண்டும் 20 இலட்சத்தை எட்டியுள்ள நிலையில் நிலத்துக்குக் கடும் போட்டி நிலவுகிறது. இதனைக் கட்டுப்படுத்த 2018இல் கட்டடச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, பெரிய நிலப்பரப்புகள் குடியிருப்புப் பகுதியாக மாற்றப்படும்போது பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும். அப்பங்குக்குரிய நிலத்தின் விலைக்கு, கட்டடத் தளப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 188 யூரோ என உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

மாநகராட்சி தானே வீடு கட்டும் பணியை மீண்டும் தொடங்குவதாக 2015இல் அறிவித்தது. இவ்வரிசையின் முதல் குடியிருப்பான பார்பரா பிராம்மர் ஹோஃப், 120 வீடுகளுடன் ஃபவோரிட்டன் மாவட்டத்தில் 2019இல் திறக்கப்பட்டது. கார்ல் மார்க்ஸ் ஹோஃப் 1989 முதல் 1992 வரை புதுப்பிக்கப்பட்டது. சிறிய வீடுகள் சில இணைக்கப்பட்டுக் குளியலறைகள் அமைக்கப்பட்டன. அதன் பழைய சலவைக்கூடங்களுள் ஒன்றில், சிவப்பு வியன்னாவின் வரலாற்றைக் கூறும் நிலையான கண்காட்சி 2010இல் அமைக்கப்பட்டது.